யார் சொன்னது, எங்கே இருக்கிறது? மேற்கோள் காட்டுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வதும், கோயில் மலர், மணிவிழா மலர், ஊர் வரலாறு என்று வரும் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பதும் பல வருடமாக எனக்கு வழக்கம். அங்கே கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

மேடையில் மூலத்தைச் சொன்னால் பேச்சின் ஓட்டம் தடைப்படாதா?

நீட்டிச் சொன்னால்தான் தடைப்படும். "புறநானூற்றில் கணியன் பூங்குன்றனார் சொல்கிறார்" என்பதற்கு ஒரு மூச்சு போதும். மேடைக்கு வேண்டியது இரண்டுதான்: யார் சொன்னது, எந்த நூலில். பதிப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் கையிலிருக்கும் குறிப்புத்தாளில் இருக்கட்டும். பேச்சு முடிந்து ஒருவர் வந்து கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பெயரை வரிக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் கைதட்டலில் காணாமல் போய்விடும். இன்னொன்று, மேற்கோள் எங்கே முடிகிறது என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும். எழுத்தில் அதற்கு மேற்கோள் குறி இருக்கிறது. பேச்சில் குரல்தான் குறி. வரி முடிந்ததும் ஒரு கணம் நிறுத்தி, "இது அவர் சொன்னது, இதிலிருந்து எனக்குத் தோன்றுவது..." என்று தொடங்கினால் எது யாருடையது என்ற குழப்பம் வராது.

இது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பழக்கம்தானே? நமக்கு எதற்கு?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் வருத்தமாக இருக்கும், ஏனென்றால் நம்மிடம் இது மிகப் பழைய பழக்கம். தொல்காப்பியத்தைத் திறந்தால் "என்ப", "மொழிப", "என்மனார் புலவர்" என்று சூத்திரத்துக்குச் சூத்திரம் வருகிறது. இது என் கண்டுபிடிப்பு மட்டுமில்லை, எனக்கு முன் இருந்த புலவர்கள் சொன்னது என்று தொல்காப்பியர் திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறார். முதல்நூல், வழிநூல் என்று பிரித்ததும், மொழிபெயர்ப்பை வழிநூலில் ஒரு வகையாக வைத்ததும் அதே தொல்காப்பிய மரபியல்தான்.

உரையாசிரியர்களைப் பாருங்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தமக்குத் துணையாக இருந்த நூல்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்: இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல். ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நாம் படிக்கும் பாடல்கள், உரைகாரர்கள் மேற்கோளாக எடுத்துக் காட்டியதாலும் புறத்திரட்டு போன்ற தொகுப்புகளில் சேர்த்ததாலும் பிழைத்தவை. மூல ஓலை செல்லரித்துப் போன பிறகும் மேற்கோள் நின்றது. பெயர் சொல்லாமல் தங்கள் உரைக்குள் கரைத்து எழுதியிருந்தால் அந்த நூல்கள் இருந்தன என்பதே நமக்குத் தெரிந்திருக்காது.

செட்டிநாட்டில் இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். இங்கே பழைய வீடுகளில் பேரேடு இருக்கும். யாரிடமிருந்து வரவு, யாருக்குப் பற்று, எந்தத் தேதி என்று பெயரோடு ஏறியிருக்கும். பெயரில்லாத வரவைக் கணக்கப்பிள்ளை ஐந்தொகையில், அதாவது இருப்புநிலைக் கணக்கில், சேர்த்துவிட முடியாது. எழுத்துக்கும் அதே கணக்குதான்.

கம்பன் பாட்டுக்கு எப்படி இடம் சொல்வது?

இந்த ஊரில் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய ஊர் இது. கேட்கிற கூட்டத்தில் நாலு பேருக்காவது பாட்டு மனப்பாடமாக இருக்கும்.

காண்டம், படலம், பாட்டின் முதற்சொற்கள். இந்த மூன்றும் போதும். "வண்மை இல்லை ஓர் வறுமை இன்மையால்" என்ற பாட்டுக்கு, "பாலகாண்டம், நாட்டுப் படலம், 'வண்மை இல்லை' எனத் தொடங்கும் பாடல்" என்று எழுதலாம். பாட்டு எண்ணை மட்டும் கொடுத்தால் போதாது, பதிப்புக்குப் பதிப்பு எண் மாறும். எண் கொடுத்தால் எந்தப் பதிப்பு என்றும் சேர்த்துக் கொடுங்கள். சில பதிப்புகள், பின்னால் சேர்ந்தவை என்று கருதும் பாடல்களை 'மிகைப்பாடல்கள்' என்று தனியே வைத்திருக்கும். நீங்கள் எடுத்தது அந்தப் பகுதியிலிருந்து என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்று. முதன்முதலில் ஒரு பொங்கல் விழாவில் பேசியபோது, கொடுக்கல் வாங்கல் பற்றிப் பேச்சு வந்தது. "கடன்பட்டார் நெஞ்சம்போல் கலங்கினான் இலங்கை வேந்தன் என்றான் கம்பன்" என்றேன். கூட்டம் ரசித்தது. இறங்கியதும் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அது எந்தக் காண்டம்?" என்று கேட்டார். யுத்த காண்டமாக இருக்கும் என்றேன். "வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்க, கிடைச்சா எனக்கும் சொல்லுங்க" என்றார். யுத்த காண்டம் முழுவதையும் புரட்டினேன். கிடைக்கவில்லை. கம்பராமாயணப் பதிப்புகளில் அந்த அடி இல்லை. அது வேறு வழியில் நாட்டில் வழங்கி வருகிற பாடல். உவமை அவ்வளவு நன்றாக இருப்பதால் கம்பன் தலையில் ஏறிவிட்டது. இன்றும் மேடைக்கு மேடை அப்படியே ஒலிக்கிறது. சொல்ல ஆசையாக இருந்தால் "வழங்கி வரும் ஒரு பழம்பாடல்" என்று சொல்லுங்கள், உவமையின் அழகு அதனால் குறையாது.

அந்தப் பெரியவர் என்னை மேடையிலேயே திருத்தியிருக்கலாம். தேடவிட்டார். அதற்குப் பிறகு, நூலில் கண்ணால் பார்க்காத வரியை நான் மேடைக்குக் கொண்டுபோவதில்லை.

திருக்குறளுக்கு எண் சொல்ல வேண்டுமா?

எழுத்தில் கண்டிப்பாக. பேச்சில் அதிகாரத்தின் பெயர் சொன்னால் இன்னும் நல்லது, கேட்பவர் மனதில் நிற்கும். நாம் பயன்படுத்தும் எண் பரிமேலழகர் வைத்த வரிசைப்படி வருவது. மணக்குடவர் போன்றவர்களின் உரையில் வரிசை சில இடங்களில் மாறும்.

அடிக்கடி கலந்துபோகும் ஒரு ஜோடி: "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்பது 423, அறிவுடைமை. "எப்பொருள் எத்தன்மைத் தாயினும்" என்பது 355, மெய்யுணர்தல். இரண்டும் "அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு" என்றே முடிவதால் ஒன்றின் தலையும் மற்றதன் எண்ணும் ஒட்டிக்கொள்ளும்.

எல்லோருக்கும் தெரிந்த வரிக்குக்கூடப் பெயர் சொல்ல வேண்டுமா?

எல்லோருக்கும் தெரிந்த வரிதான் பெயரை இழக்கிறது. "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" என்று சொல்லாத நகரத்தார் விழா உண்டா? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்களின் கதை இந்த வரியோடுதான் தொடங்கும். ஆனால் பழமொழி என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அது ஔவையாரின் கொன்றைவேந்தனில் இருக்கிறது.

"யாதும் ஊரே யாவரும் கேளிர்" புறநானூற்றின் 192ஆம் பாட்டு. பாடியவரின் பூங்குன்றம் நம் பக்கத்து மகிபாலன்பட்டி என்பது அறிஞர்கள் பலர் ஏற்ற கருத்து. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் பிறந்த ஊரும் அதுவே. இவ்வளவு அருகில் இருக்கும் நாமே அந்தப் புலவரின் பெயரை விட்டுவிட்டு வரியை மட்டும் வரவேற்பு வளைவில் எழுதி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பாரதியும் பாரதிதாசனும் இடம் மாறுவது இன்னொரு தொல்லை. "தமிழுக்கும் அமுதென்று பேர்", "புதியதோர் உலகம் செய்வோம்" இரண்டும் பாரதிதாசன். "தேமதுரத் தமிழோசை" பாரதி.

வரி சரி, பெயரும் சரி. அதுவே போதும்தானே?

போதாது. யார் வாயில் வருகிறது, எதைப் பற்றி வருகிறது என்றும் பார்க்க வேண்டும். நான் மிக அதிகமாகத் திருத்தும் தவறு இதுதான்.

"மெல்லத் தமிழினிச் சாகும்" என்று பாரதி சொன்னதாக எத்தனை பேச்சில் கேட்டிருப்பீர்கள்! அந்தப் பாட்டில் தமிழ்த்தாய் தன் மக்களிடம் பேசுகிறாள். யாரோ ஒருவன் இப்படிச் சொன்னான் என்று மனம் கொதித்துச் சொல்கிறாள். சில அடி தள்ளிப் படித்தால் "என்றந்தப் பேதை உரைத்தான்" என்று வருகிறது. "இந்த வசையெனக் கெய்திடலாமோ" என்று தொடர்கிறது. அதாவது, பாரதி மறுப்பதற்காக எடுத்து வைத்த கூற்றை நாம் பாரதியின் தீர்க்கதரிசனம் ஆக்கிவிட்டோம். எழுத்துக்கு எழுத்து சரியாகச் சொன்னாலும் இது தவறான மேற்கோள்.

"கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே" என்பதும் அப்படித்தான். ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில், கரந்தைப் படலத்தில் வருகிறது. "வாளொடு முன்தோன்றி மூத்த குடி" என்று முடியும். வாளேந்திய மறக்குடியின் பழமையைப் புகழும் வெண்பா அது. நாம் "வாளொடு" என்ற சொல்லை நழுவவிட்டு, தமிழ்மொழியின் வயதுக்குச் சான்றாகக் கொண்டுவருகிறோம்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுக்கிறேன். எந்த வரியை எடுத்தாலும் அதற்கு மேலே நாலு வரி, கீழே நாலு வரி படி. பிறகு எடு.

ஆச்சி சொன்ன செய்தியை எப்படி எழுதுவது? அதற்கு நூல் இல்லையே?

ஆச்சியே மூலம். நூலுக்குக் கொடுக்கிற மரியாதையை அவருக்கும் கொடுங்கள். பெயர், வயது, ஊர், எந்தத் தேதியில் எங்கே சொன்னார் என்று எழுதுங்கள். அச்சில் பெயர் போடலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் "கண்டனூரைச் சேர்ந்த 80 வயது ஆச்சி ஒருவர்" என்பதுபோல் போதும்.

கேட்கும்போது ஒரு கேள்வியை விடாதீர்கள்: "ஆச்சி, இதை நீங்க பாத்தீகளா, கேள்விப்பட்டீகளா?" பெரும்பாலும் அவர்களே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். "நான் பாக்கல, எங்க அப்பத்தா சொன்னாக" என்பார்கள். ஒரே வரியில் தன் மூலத்தையும் சொல்லி, தன் சாட்சி எதுவரை என்றும் சொல்லியாயிற்று. அந்த "சொன்னாக" என்ற சொல்லைக் கட்டுரை எழுதுகிறவர் வெட்டிவிடுகிறார். "அந்தக் காலத்தில் இப்படி இருந்தது" என்று நேரில் கண்டதுபோல எழுதுகிறார். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

வீட்டில் இருக்கும் ஏடுகளுக்கும் இதே முறைதான். இசைகுடிமானமா (நகரத்தார் திருமண ஒப்பந்த ஏடு), பேரேடா, கடிதமா, யார் வீட்டில் இருக்கிறது, எந்தப் பக்கம் என்று குறியுங்கள். தேதியில் கவனம் வேண்டும். பழைய கணக்குகளில் தமிழ் வருடம்தான் இருக்கும், அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "பிரபவ வருஷம் ஆவணி" என்றால் 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். ஏட்டில் உள்ளதை அப்படியே எழுதி, நீங்கள் கணித்த ஆங்கில ஆண்டைத் தனியாகக் காட்டுங்கள். எதை வைத்துக் கணித்தீர்கள் என்றும் ஒரு வரி. அப்புறம், பேரேட்டில் அடுத்த வீட்டுக்காரர்களின் கடனும் இருக்கும். அந்தப் பெயர்களை அச்சில் ஏற்றக் கூடாது.

ஊர் வரலாறு எழுதுகிறோம். ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே, எதைப் போடுவது?

எதைப் போட்டாலும் அது யாருடைய எண் என்று சேர்த்துப் போடுங்கள். செட்டிநாட்டில் எத்தனை ஊர்? 96 என்பது மரபு வழக்கு. இன்று இருப்பவை எழுபத்துச் சொச்சம் என்பார்கள். எந்தப் பட்டியலை வைத்து எண்ணினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். "96 ஊர்கள் இருந்ததாக மரபாகச் சொல்லப்படுகிறது" என்பது நேர்மையான வாக்கியம். வெறுமனே "96 ஊர்கள் உள்ளன" என்றால் படிப்பவர் அதை இன்றைய கணக்காக எடுத்துக்கொள்வார்.

அதேபோல் "யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமான செட்டிநாடு" என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுப்பு 2014இல் சேர்ந்தது உத்தேசப் பட்டியலில். அது பரிசீலனைக்காக ஒரு நாடு முன்வைக்கும் பட்டியல். சின்னமாக அறிவிக்கப்பட்டவற்றின் பட்டியல் வேறு. பெருமையைக் கூட்ட ஒரு சொல்லை விட்டுவிட்டால், தெரிந்தவர் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

பெரியவர்கள் வந்து போன செய்தியும் இப்படித்தான். பாரதி 1919இல் காரைக்குடிக்கு வந்ததும், 1917இல் தொடங்கிய இந்து மதாபிமான சங்கத்தைப் பாடியதும் பதிவான செய்திகள். "எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து எழுதினார்" என்பது உங்கள் குடும்பம் சொல்லும் செய்தி. இரண்டையும் எழுதலாம், ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது.

வாட்ஸ்அப்பில் வந்தது?

அது மூலம் ஆகாது. அதில் சொல்லியிருக்கும் நூலைத் தேடுங்கள். நூலின் பெயரே இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நூலை நான் பார்க்கவில்லை. வேறொரு கட்டுரையில் அந்த மேற்கோளைப் பார்த்தேன். எப்படிக் காட்டுவது?

பார்த்ததைச் சொல்லுங்கள். "இன்னார் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டியுள்ளபடி" என்று எழுதினால் உங்கள் பங்கு சுத்தம். அவர் தவறாக எடுத்திருந்தாலும் படிப்பவர் எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று தெரிந்துகொள்வார். பார்க்காத நூலைப் பார்த்ததுபோல் காட்டினால் அவருடைய பிழையும் உங்களுடையதாகிவிடும்.

என் சொந்த நடையில் மாற்றி எழுதிவிட்டேன். அப்போதும் பெயர் வேண்டுமா?

வேண்டும். சொல் உங்களுடையது, கருத்து அவருடையது. சொல்லை இங்கொன்றும் அங்கொன்றும் மாற்றி வாக்கிய அமைப்பை அப்படியே வைத்திருந்தால் சொல்லும் உங்களுடையதில்லை. நூலை மூடிவிட்டு, புரிந்ததை எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். அவருடைய சொல்லே சிறந்தது என்று தோன்றினால் மேற்கோள் குறிக்குள் அப்படியே வைப்பது நல்லது.

கல்லூரி ஆய்வேட்டுக்கு என்ன விதி?

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறை இருக்கிறது. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மேற்படாத கெடுவுக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாகப் பெயர் சொல்லி எடுத்த மேற்கோள்கள் இந்தக் கணக்கில் சேராது. இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சதவீதத்துக்குப் பயந்து மேற்கோளையே தவிர்க்கிறார்கள். பெயர் சொன்னால் பயமே வேண்டாம்.

அந்தச் சதவீதத்தை ஒரு மென்பொருள் கணக்கிடுகிறது. அதன் கண்ணில் படாமல் போனாலும் எடுத்தது எடுத்ததுதான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நூல் பெயர், பக்க எண் எல்லாம் தருகிறதே?

தரும். இல்லாத நூலுக்கும் தரும். தேடத் தொடங்க உதவலாம். நூலைக் கண்ணால் பார்க்கும்வரை அதை மேற்கோளாகப் போடாதீர்கள்.

பழைய நூல்களை எங்கே பார்ப்பது? சென்னைக்குத்தான் போக வேண்டுமா?

இணையத்திலேயே நிறைய இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாகவே பார்க்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் இலக்கியங்கள் தட்டச்சு வடிவில் கிடைக்கும். தேடுவதற்கு அது மிக வசதி. தட்டச்சில் பிழை இருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அச்சுப் பதிப்போடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

சென்னைக்குப் போகிறவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அவசியம் பார்க்க வேண்டும். அதன் அடித்தளம் நம் கோட்டையூரில் சேர்ந்தது. ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுவதும் தேடித் தேடிச் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், அழைப்பிதழ்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, 1994இல் சென்னையில் நூலகமாக அமைய வழிசெய்தது. ஒரு நோட்டீஸைக்கூட எறியாமல் வைத்திருந்த ஒருவரால்தான் இன்று பல ஆய்வாளர்கள் "இன்ன ஆண்டு, இன்ன இதழ்" என்று உறுதியாக எழுத முடிகிறது. உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய மலர்களை எடைக்குப் போடுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் சொல்லிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாமா?

கூடாது. பெயர் சொல்வது ஒன்று, அனுமதி வேறொன்று. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஆசிரியர் மறைந்த பிறகு 60 ஆண்டு வரை உரிமை உண்டு. விமர்சனத்துக்கும் ஆய்வுக்கும் தேவையான அளவு எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. ஒரு முழுக் கவிதையையோ கட்டுரையையோ மலரில் போட வேண்டுமானால் உரியவரிடம் கேட்டுவிடுங்கள். உரிமைக்காலம் முடிந்த நூலாக இருந்தாலும் பெயர் சொல்லும் கடமை முடிவதில்லை.

தவறாகச் சொல்லிவிட்டேன், பிறகுதான் தெரிந்தது. என்ன செய்வது?

தெரிந்த உடனே திருத்துங்கள். மலர் என்றால் அடுத்த மலரில் எல்லோரும் பார்க்கும் இடத்தில், எது தவறு, எது சரி என்று இரண்டையும் போடுங்கள். பேச்சு என்றால் ஏற்பாடு செய்தவரிடம் சொல்லுங்கள். காணொளி இருந்தால் அதன் கீழே எழுதச் சொல்லுங்கள். நான் மறு வருடம் அதே மேடையில் பேச எழுந்ததும், "போன தை மாதம் கம்பன் பெயரில் ஒரு வரி சொன்னேன், அது கம்பனில் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினேன். இரண்டு பேர் பிறகு வந்து, தாங்களும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

மேடையில் நிற்கும்போது பெயர் மறந்துவிட்டால்?

வாய்க்கு வந்த பெயரைச் சொல்லாதீர்கள். "பெயர் இப்போது நினைவுக்கு வரவில்லை, இறங்கியதும் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். இறங்கியதும் பார்த்து, நன்றியுரை முடிவதற்குள் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லுங்கள்.